வெட்டச் சொன்னவள்

கல்கத்தாவில் கரியாஹாட் சந்திப்பிலிருந்து நாலு கடை தள்ளி, இரண்டு புடவைக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்ற மரச்சாமான் கடையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை சீட்டு எழுதுவது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, அவர் கொண்டுவந்த சாமானிலேயே அதை நூல் போட்டுக் கட்டிவிட வேண்டும். பின்கட்டில் உட்கார்ந்து மெத்தை தைக்கும் மாஸ்டர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வேலை செய்வார். இதற்கு ஒரு பட்டதாரி எதற்கு என்று அப்போது சலித்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் மூன்று வயதில் கல்கத்தாவுக்கு வந்தவள். என் தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான் நடமாடும். வாசலில் செருப்பை மாட்டியதும் வங்காளம் வந்துவிடும். அப்பா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எல்லோரும் பாளையங்கோட்டைக்குப் போகிறோம், அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பாளையங்கோட்டையை எனக்குக் கோடை விடுமுறைகளில் மட்டும்தான் தெரியும். அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்கினேன்: வேலை நிலைத்தால் நான் இங்கேயே விடுதியில் தங்கலாம். வேலை போனால் பெட்டிகளோடு பெட்டியாக நானும் ரயிலேற வேண்டியதுதான். அந்த மரச்சாமான் கடையை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். மரத்தின் மீது எனக்கு அப்போது எந்தப் பிரியமும் இல்லை.

துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பு கல்கத்தாவில் அத்தனை பேருக்கும் வீட்டு சோபா அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பூஜைக்குள் துணி மாற்றியாக வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் கேட்டது இரண்டே இரண்டுதான்: மெரூன் வெல்வெட், அல்லது காப்பிக்கொட்டை நிற ரெக்ஸின். காலையிலிருந்து அதையே எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. அப்படியொரு மத்தியானம், ஒரு சைக்கிள் வேனில் ஆறு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு, தானும் பின்னால் நடந்து, பவானிபூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

அப்படி நாற்காலிகளை நான் பார்த்ததில்லை. தரையோடு தாழ்ந்து, அகலமாக, முதுகு சாய்ந்து, கைப்பிடிகள் துடுப்பு மாதிரி தட்டையாக. கறுத்த மரம். துணியெல்லாம் நைந்து வெளுத்திருந்தாலும், ஒரு காலத்தில் ஒன்று ஆரஞ்சு, ஒன்று கிளிப்பச்சை, ஒன்று ரோஸ் என்று இருந்தது மடிப்புகளுக்குள் தெரிந்தது. பெரியவர் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேசிலில் பார்த்த நாற்காலிகளைக் காகிதத்தில் வரைந்து வந்து, பவானிபூரில் ஒரு தச்சரிடம் கொடுத்துச் செய்தவையாம். "சர்க்கஸ் நாற்காலி வந்திருக்கு" என்று நான் முதலாளியிடம் மெல்லச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பெரியவர் கையில் பாய் மாதிரி சுருட்டிய ஒன்றை வைத்திருந்தார். மேசை மேல் அதை விரித்தார். ஒரு கட்டில் விரிப்பு அளவுக்குக் கனமான கம்பளி நெசவு. மாம்பழ மஞ்சளில் ஒரு சூரியன், சாப்பாட்டு இலை அளவுக்கு இலைகள், பெரிய மூக்குப் பறவைகள், நீலம், செங்கல் சிவப்பு, யாரும் வீட்டில் வைக்கத் துணியாத ஒரு ரோஸ். மேல் ஓரத்தில் கம்பி கோர்க்க வளையங்கள் வரிசையாக இருந்தன.

"இதுல இருக்கற நிறத்துல ஆறு எடுத்துக்கோ, ம்மா," என்றார். வங்காளத்தில் பெரியவர்கள் சின்னப் பெண்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நாற்காலிக்கு ஒரு நிறம். இதோட பொருந்தற மாதிரி புதுத் துணி பாத்துப் போடு. இது மாதிரிக்குத்தான். சுவத்துல மாட்டற படம். வெட்டிடக் கூடாது, திருப்பி எனக்கு வேணும். என் மனைவி..."

"ஆகட்டும் ஜெட்டு," என்றேன். ஜெட்டு என்றால் பெரியப்பா. அதற்குள் அவருக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். மனைவியைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பெரியவர் ஒதுங்கிக்கொண்டார்.

சீட்டை நான் அப்போது எழுதவில்லை. கடை மூடும் நேரத்தில், அன்றைக்கு எழுதாமல் விட்ட ஏழெட்டு சீட்டுகளையும் ஒரே மூச்சில் எழுதினேன். 'ஆறு நாற்காலி. வெவ்வேறு நிறம். துணி கூடவே இருக்கிறது.' அவ்வளவுதான். நூலைப் போட்டுக் கட்டினேன், பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

எட்டு ஒன்பது நாள் கழித்து மாஸ்டர் அந்தச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தார். "தீதி, இதை வெட்டவா? ஸ்க்ரீன் துணி மாதிரி இல்லையே. கம்பளி மாதிரி தடிமனா இருக்கு. ஒருவாட்டி கேட்டுச் சொல்லு," என்றார். தகப்பன் வயதுக்காரர், ஆனாலும் மரியாதைக்காக என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் வளையங்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் ஒரு பிறவியோடு விமோசனம் கிடைத்ததில்லை. குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் ஜன்னல் அளவும் மாறும். பழைய வீட்டு ஸ்க்ரீன் புது வீட்டில் குட்டையாகிவிடும்; அம்மா அதை வெட்டி மெத்தை உறை தைப்பாள், மெத்தை உறை கிழிந்தால் தலையணை உறை, அதுவும் கிழிந்தால் தையல் மிஷினுக்கு மூடி. நான் படித்த மேசையின் விரிப்பு மூன்று வீட்டு ஜன்னல்களைப் பார்த்த துணி. அதனால் வளையத்தைப் பார்த்ததும், பழைய ஸ்க்ரீனை நாற்காலிக்குப் போடச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பெரியவர் சொன்னதில் ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்றால், சீட்டில் இவ்வளவு மொட்டையாக எழுதியது முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

"சீட்டுல இருக்குல்ல, மாஸ்டர்? வெட்டுங்க," என்றேன். அவர் தயங்கி நின்றார். கத்தரியை வாங்கி வளையங்களை நானே ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எந்தத் துண்டு எந்த நாற்காலிக்கு என்றும் நானே பக்கத்தில் நின்று சொன்னேன். சூரியன் முழுதாக ஓர் இருக்கையில் விழட்டும், இலைகள் முதுகுப் பக்கம் ஏறட்டும், பறவையின் மூக்கு மட்டும் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்கட்டும் என்றெல்லாம். அந்தக் கடையில் முதல் தடவையாக எனக்கு வேலை பிடித்திருந்தது. முடிந்தபோது ஆறு நாற்காலிகளும் அத்தனை அழகாக இருந்தன. சர்க்கஸ் என்று சிரித்த முதலாளியே அவற்றை வாசல் பக்கம் வைக்கச் சொன்னார்.

பெரியவர் வந்த அன்று தெருவிலிருந்தே அவற்றைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்தபோது முகம் முழுக்கக் குழப்பம். ஒரு நாற்காலியைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார். பிறகு என்னிடம் வந்து, "படம் எங்கம்மா?" என்று கேட்டார்.

அந்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. மாதிரிக்குத்தான், வெட்டிடக் கூடாது, திருப்பி எனக்கு வேணும். அவர் குரல், அவர் விரல் அந்த மஞ்சளைத் தடவியது, எல்லாம்.  முதலாளி எழுந்து வந்து, "என்ன ஆச்சு? வெட்டச் சொன்னாரா, இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஜெட்டுதான் வெட்டச் சொன்னார்," என்றேன்.

நாக்கு கூசவில்லை. தடுமாறக்கூட இல்லை. நல்ல சுத்தமான வங்காளத்தில் சொன்னேன்.

"நானா?" என்றார் பெரியவர்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் மேலும் ஜோடித்தேன். "ஆமா ஜெட்டு. 'சுவத்துல தொங்கி யாருக்கு என்ன லாபம், நாலு பேர் உக்காந்தாலாவது பிரயோஜனப்படும்'னு சொன்னீங்களே. நான்கூட ரெண்டு தடவை கேட்டேன்." அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே சொன்னேன். பதினைந்து நிமிஷம் பேச்சைக் கேட்டிருந்தால் போதும், ஒருவர் மாதிரி பேச எனக்கு வரும். வீட்டிலும் கல்லூரியிலும் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

பின்கட்டு வாசலில் மாஸ்டர் வந்து நின்றார். அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார்.

 "அப்படியா சொன்னேன்?" என்று பெரியவர் தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று முதலாளி கேட்டபோதுதான் அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு நான் சொல்ல விடாத கதை.

பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் அவர் கப்பல் பழுதாகி மூன்று வாரம் நின்றிருக்கிறது. அந்தப் பயணத்தில் மனைவியும் கூட வந்திருந்தார். பகலெல்லாம் இவர் எஞ்சின் அறையில். மனைவி துறைமுகத்துக்கு மேலே மேட்டுத் தெருவில் ஒரு நெசவுக்காரப் பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்து, தினமும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாளுக்குப் போர்த்துகீசியம், மனைவிக்கு வங்காளம். ஆனாலும் சேர்ந்து சிரித்தார்களாம், சண்டைகூடப் போட்டார்களாம். இந்தப் படம் அப்போது தறியில் இருந்தது. கிளம்பும் நாளுக்கு முன்பு அந்த அம்மாள் கீழ் மூலையில் ஒரு சாண் இடத்தை மனைவிக்கு விட்டுக் கொடுத்தாள். அவர் அதில் ஒரு மீன்கொத்தியை நெய்தார். பிரேசில் காட்டுக்குள் ஒரு வங்காளக் குளத்து மீன்கொத்தி, ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் கையால் செய்ததென்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

ஐந்தாவது நாற்காலியில் அது கிடைத்தது. பாதி இருக்கையின் ஓரத்தில் மடிந்திருந்தது. மீதி அடியில், பலகையோடு சேர்த்து வரிசையாக ஆணி அடித்து. பெரியவர் கட்டை விரலால் ஆணித் தலைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கோ, ம்மா. உன்னை வீணா கலவரப்படுத்திட்டேன். வயசாயிடுச்சு," என்றார். நாற்காலிகளை வேனில் ஏற்றச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். "நாளைக்கே போயி அந்தப் பெரியவர்ட்ட உள்ளதைச் சொல்லிரு. வேலை போனா போவுது. எங்க கூட ஊருக்கு வந்துரு, இதுக்கு என்ன இப்ப?" என்றாள்.

கடைசி வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு போக அம்மாவுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அம்மா சரியானதைத்தான் சொன்னாள், ஆனால் அவளுக்கும் அதில் ஆதாயம் இருந்தது என்பதற்காக நான் கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். நான் காளிகாட்டில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்ந்தேன். வேலை நிலைத்தது. மாஸ்டர் அந்த நாளுக்குப் பிறகு என்னைத் தீதி என்று கூப்பிடவில்லை, மேடம் என்றார். கடையில் எல்லோரும் அதை எனக்குக் கிடைத்த பதவி உயர்வாக நினைத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊருக்குத் திடீரென்று நிறம் பிடித்துப் போனது. மெரூனும் ரெக்ஸினும் தாத்தா வீட்டுச் சாமானாகி, 'ரெட்ரோ' என்ற ஒரு சொல் வந்தது. அதற்குள் நான் தனியாகச் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தேன். தாழ்ந்த, அகலமான நாற்காலிகள். ஆரஞ்சு, நீலம், கண்ணைக் குத்தும் ரோஸ். பெரிய பெரிய இலைகளும் பாதிப் பறவைகளுமாக ஒட்டுப்போட்ட இருக்கைகள். என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் படம் போட்டு எழுதினார்கள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பேட்டியில் கேட்ட பெண்ணிடம், "பிரேசில் கலை பத்தி ஒரு புத்தகத்துல பார்த்தேன்," என்றேன். அப்படி ஒரு புத்தகமும் நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, என் வயதை ஒத்த ஒரு பெண் கடைக்கு வந்தாள். "எங்க வீட்டுல அச்சு அசல் இதே மாதிரி ஆறு இருக்கு. கரியாஹாட் கடையில செஞ்சது நீங்கதானே? மழையில இருக்கைக்கு அடியில நாடாவெல்லாம் தொய்ஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுகிட்டதான் குடுக்கணும்னு பாபா பிடிவாதமா இருக்கார்," என்றாள். பெரியவரின் மகள். பாபா என்றால் அவர்களுக்கு அப்பா.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். ஆனால் நாற்காலி வந்த அந்தப் பூஜையிலிருந்து அவர் தன்னையே நம்புவதில்லை. தனியாகக் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்தார். பல் தேய்த்தது, மாத்திரை போட்டது, யாரிடம் என்ன பேசினார், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறார். கடைசியில் பவானிபூர் வீட்டை விட்டு மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. ஞாபகம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. அவர் ஒத்துக்க மாட்டேங்கறார். உங்கம்மா கையால நெய்ததை வெட்டச் சொன்னவன், அதையும் மறந்தவன், எதைத்தான் மறக்க மாட்டேன்னு கேக்கறார்."

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அவரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அன்று நான் கட்டியிருந்த பச்சைக் கரை புடவை, மேசை மேல் இருந்த ஆணி டப்பா, பின்கட்டில் மாஸ்டர் போட்டுக்கொண்டிருந்த பழைய பாட்டு, எல்லாம் சொன்னார். எனக்கே மறந்து போனவை. நாற்காலிகள் கூடத்தில் சுவரோரம் வரிசையாக இருந்தன. வீட்டில் மற்றவர்கள் உட்காருவார்களாம், அவர் உட்காருவதில்லை. மோடா என்கிற பிரம்பு முக்காலி ஒன்றில் அமர்ந்திருந்தார்.

நான் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.  "ஜெட்டு, அன்னைக்கு வெட்டச் சொன்னது நீங்க இல்ல. நான். வெட்டக் கூடாதுன்னு நீங்க தெளிவா சொன்னீங்க. மறந்தது நான். அப்புறம் முதலாளி முன்னாடி பொய் சொன்னேன். என் வேலை போயிடும்னு பயந்து சொன்னேன்."

கதவருகே நின்றிருந்த மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. சிரித்தார்.

"இவ சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?" என்று மகளைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல ஜெட்டு. சத்தியமா நான்தான்." மாஸ்டர் வந்து கேட்டது, வளையங்களை நானே நறுக்கியது, சீட்டில் எழுதிய மூன்று வரி, ஒன்று விடாமல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார், குழந்தை கதை சொல்லும்போது ஆட்டுகிற மாதிரி. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அழ அழ அவருக்கு என் மேல் இரக்கம்தான் கூடியது.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ம்மா," என்றார். "சுவத்துல தொங்கி யாருக்கு என்ன லாபம், நாலு பேர் உக்காந்தாலாவது பிரயோஜனப்படும். அது என் பேச்சுதான். அப்படியேதான் பேசுவேன், இவளைக் கேட்டுப் பாரு. முதல்ல ஞாபகம் வரல. யோசிக்க யோசிக்க வந்துடுச்சு. மேசைகிட்ட நின்னு சொன்னேன். நீகூட ரெண்டு தடவை கேட்டே, நான்தான் கேக்கல."

"அதை நான் ஜோடிச்சேன், ஜெட்டு. நீங்க சொல்லவே இல்ல."

"ஒரு கிழவன் மனசு ஆறணும்னு இவ்வளவு தூரம் வந்து பழியைத் தலைமேல ஏத்துக்கறே. இந்தக் காலத்துல யாரு செய்வா?" மகளைப் பார்த்து, "பார்த்தியா, எவ்வளவு நல்ல பொண்ணு," என்றார்.

 மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஆசீர்வாதம் செய்யக் கையை நீட்டினார். மோடாவிலிருந்து கை என் தலைக்கு எட்டவில்லை. எட்டும்படி நான் குனிந்தேன்.